காபிக்கு முன்னால்

எந்தப் பெண் வீட்டுக்குப் போனாலும் லோகநாயகி அவர்கள் கொடுக்கும் காபியை உடனே தொடமாட்டாள். டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, பையிலிருந்து மாப்பிள்ளையின் போட்டோவை எடுப்பாள். "பையன் நல்ல பையன். ஆனா எடது காது மந்தம். வலது பக்கமா நின்னுதான் பேசணும்." இதைச் சொல்லி முடித்த பிறகுதான் ஆறிப்போன காபி உள்ளே இறங்கும். முதலிலேயே குடித்துவிட்டால் நாக்கு வளைந்துகொடுக்கும் என்பது அவள் கட்சி.

கல்யாணத் தரகு பார்க்கிறவள் இப்படி இருந்தால் பிழைப்பு எப்படி நடக்கும்? ஏதோ நடக்கிறது. ஸ்டூடியோக்காரன் வெளுப்பாக்கிக் கொடுத்த போட்டோவைக்கூட வாங்கமாட்டாள், வேறு எடுத்து வா என்று திருப்பி அனுப்புவாள். பாதையை அகலப்படுத்துகிறோம் என்று ரயிலை நிறுத்தியதிலிருந்து கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் பஸ்ஸில்தான் அல்லாடுகிறாள். "இன்னைக்கு யாரு கல்யாணத்தக் கெடுக்கப் போறக்கா?" என்று கண்டக்டர்கள் கேட்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஊர்ப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குவாள்.

நிஜமாகவே கெட்டதும் உண்டு. கம்மாபுரத்துப் பெண் ஒருத்திக்குச் சின்ன வயசில் நெஞ்சில் ஆபரேஷன். லோகநாயகி அதைச் சொன்னாள், பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அந்தப் பெண்ணுக்கு இன்றுவரை ஒன்றும் அமையவில்லை. பஸ் ஸ்டாண்டில் எதிர்ப்பட்டால் அவள் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அன்றைக்கெல்லாம் லோகநாயகிக்குச் சோறு இறங்காது. ஆனாலும் அடுத்த வீட்டில் காபி ஓரமாகத்தான் இருக்கும்.

இன்னொரு தரகர் சுப்புராயன் ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார். ஒரு சங்கதியை மறைத்து ஒரு குடும்பம் நன்றாக இருந்தால் அதில் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்டார்.

"நல்லா இருந்துட்டா மறைச்சது சரின்னு ஆயிடுமா அண்ணே? கட்டிக்கப் போறவங்க அவுங்க. வேணும் வேணாம்னு சொல்றது அவுங்க கையில இருக்குது. அதப் புடுங்கிக்க நாம யாரு? ஆளாளுக்கு மறைச்சிக்கிட்டே போனா, நம்ம பேச்ச அப்புறம் எவன் நம்புவான்?"

இதே சங்கதி உன் வீட்டுக்கு வரும்போது பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார் சுப்புராயன்.

வந்தே விட்டது. அவள் மகள் அறிவுமதி சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். ஏழாவது படிக்கும்போது அவளுக்கு வலிப்பு வந்தது. இப்போது சில வருஷமாக இல்லை, ராத்திரியில் ஒரு மாத்திரை மட்டும் உண்டு. புவனகிரிப் பையன் சேரனுக்கு அவளைப் பிடித்துவிட்டது. அவளுக்கும்தான், அவன் பெயர் காதில் விழுந்தால் போதும், அடுப்படிக்குள் ஓடிவிடுகிறாள்.

பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் புருஷன் கோவிந்தசாமி லோகநாயகியின் கையைப் பிடித்துக்கொண்டார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் அவளிடம் எதற்கும் கெஞ்சியவரில்லை. "இந்த ஒரு தடவ வாயத் தொறக்காத லோகு. பொய் சொல்லச் சொல்லல. கேட்டா சொல்லிடு. கேக்கலன்னா வுட்டுடு."

சொல்லிவிடட்டுமா என்று மகளிடமே கேட்டுவிடலாம் என்றால் லோகநாயகிக்கு அதற்கும் பயமாக இருந்தது. பெற்ற வயிறு அல்லவா.

மறுநாள் சேரனின் அம்மா தங்கம்மாள் வந்து பாயில் உட்கார்ந்தாள். படிப்பு, சமையல், வேலை எல்லாம் விசாரித்தாள். உடம்பைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. கேட்டுத்தொலையேன் தாயே என்று லோகநாயகி மனசுக்குள் கும்பிட்டாள்.

"எங்களுக்குப் புடிச்சிருக்குது அண்ணி" என்றாள் தங்கம்மாள். "வேற எங்கயும் நான் விசாரிக்கக்கூட இல்ல. ஒங்களப் பத்திதான் ஊரே சொல்லுதே, நீங்க எதயும் மறைக்கிற ஆளு இல்லன்னு."

கோவிந்தசாமி கண்ணால் கெஞ்சினார். லோகநாயகி வாயைத் திறந்தாள். "மொதல்ல காபி சாப்புடுங்க" என்பதுதான் வெளியே வந்தது.

அறிவுமதி தட்டோடு வந்து தங்கம்மாளுக்கு முன்னால் குனிந்தாள். தங்கம்மாள் கை நீட்டினாள். அறிவுமதி தட்டைக் கீழே வைத்தாள். ஆவி பறந்துகொண்டிருந்த டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.