மாமாவின் முகத்தில் கடைப் பெயர்

என் சின்னம்மா மகள் செர்வா கானாவின் குமாசி நகரில் சாவு வீடியோ வெட்டி ஒட்டக் கிளம்பினாள். முதல் வேலையே எங்கள் தாய்மாமன் சாவு. கையில் காசில்லை என்று இலவச சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டாள். குடும்பமே கூடிப் பார்த்தபோது, மாமாவின் முகத்துக்குக் குறுக்கே அந்தக் கம்பெனியின் பெயர் கிடந்தது. பணம் கட்டினால்தான் அது போகுமாம்.

"எங்கண்ணன் மூஞ்சியில எவன்டி கடை போர்டு மாட்டுனது?" என்றார் மாமாவின் தம்பி ஓபெங். "ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா போவாடுகிட்ட குடுத்துருவேன்."

போவாடு செர்வாவின் கொழுந்தன், ஸ்டுடியோக்காரன். தன் அப்பன் இழவு வீட்டிலேயே கோழிக்கால் தேடினவன்.

"என் பெரிய சாஃப்ட்வேரை வாங்கிக்குங்க அண்ணி. மாமா மேகத்துல பறப்பாரு."

"என் ஓட்டைக் கம்ப்யூட்டர் அதைத் தாங்காதுன்னு தெரிஞ்சுதானே தலையில கட்டுறே? எனக்கு வெட்டணும், ஒட்டணும், பாட்டுப் போடணும். செத்தவரு பறக்க வேணாம்."

வேறு இலவசங்களைத் தேடினாள். ஒவ்வொன்றிலும் முதலில் தன் செருப்பைப் படம்பிடித்துப் போட்டுச் சேமித்துப் பார்த்தாள். செருப்பின் மேல் எழுத்து விழாததில்தான் மாமாவை ஏற்றினாள்.

ஞாயிறன்று ஓபெங் கடைசிவரை பார்த்தார். "அடுத்த சாவுக்கும் நீயே பண்ணு."

"அப்ப நான்?" என்றான் போவாடு.

"நீ வந்து தின்னுட்டுப் போ."