கீழ்த்தளத்துக்கு இன்னொரு வாசல்

குற்றாலம் போகும் சாலையில், சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. தரைக்குக் கீழே இருந்த சாமான் அறையை முறைப்படி அனுமதி வாங்கி வாடகைக்கு விட நினைத்தேன். இன்னொரு வாசல் வைத்தால்தான் அனுமதி என்றார் பார்க்க வந்த அதிகாரி. இடம் வீணாகுமே என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குள் கைக்குழந்தையோடு ஒரு பெண் வீடு பார்க்க வந்தாள். கீழே அழைத்துப்போய் மூலைமுடுக்கெல்லாம் காட்டினேன். வெளியே சாரல் பெருமழையானது. காற்றில் கதவு அறைந்து மூடியது, கரண்டும் போயிற்று. இருவருடைய செல்போனும் மாடியில். படிகளில் தண்ணீர் இறங்கும் சத்தம் கேட்டது. என் கால்விரல்கள் நனைந்தன.

"அண்ணாச்சி, வாசல் எங்கன இருக்கு?" என்றாள்.

நானே அளந்து கட்டிய அறை. தடவிய இடமெல்லாம் சுவராகவே வந்தது. குழந்தை வீறிட்டது.

மனைவி கதவைத் தள்ளித் திறந்து டார்ச் அடித்தாள். "இருட்டுக்குள்ள என்னத்த அளந்துக்கிட்டு நிக்கிய?"

வாசலுக்கு நேர் எதிர்ச் சுவரில் நின்றிருந்தேன்.

"நல்லவேளை, அட்வான்ஸ் குடுக்கல" என்று சிரித்தாள் அந்தப் பெண். குழந்தையை இறுக்கிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறினாள்.

இரண்டாவது வாசலை வைத்த பிறகே அனுமதி வாங்கினேன். இப்போது அங்கே ஒரு குடும்பம் குடியிருக்கிறது. மழை வலுத்தால் ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே இறங்கி, இரண்டு கதவுகளையும் திறந்து பார்த்துவிட்டு வருகிறேன்.