மார்க் போடாத ஐந்து நிமிடம்

ஜீவனஹள்ளியிலிருந்து காக்ஸ் டவுன் பள்ளிக்கு நடந்தே வருகிற ரூபினி, ஆறாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர். எதையும் எளிதில் நம்பமாட்டாள். கோடை விடுமுறைப் பயிற்சியில், "வகுப்பு தொடங்கும்போது புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். போன வாரப் பாடத்தை ஐந்து நிமிடம் நினைவிலிருந்து எழுதட்டும், தப்பானாலும் பரவாயில்லை. மார்க் மட்டும் போடாதீர்கள். ஆராய்ச்சியில் நிரூபித்த முறை" என்று பயிற்சியாளர் சொன்னபோதும், இதுவும் ஒன்றா என்று அலுத்துக்கொண்டாள்.

ஆனாலும் செய்துபார்த்தாள். தசரா விடுமுறை முடிந்து வந்த பிள்ளைகள் பழைய பாடத்தை மறக்காமல் சொன்னார்கள். அப்படி ஒரு வகுப்பை அவள் பார்த்ததே இல்லை.

விஷயம் ஹெட்மாஸ்டர் லாயிட்டுக்கு எட்டியது. அங்கேதான் கெட்டது.

"தினமும் மார்க் போட்டு பேரன்ட்ஸ் குரூப்ல அனுப்பிடுங்க மிஸ்."

"சார், மார்க் போடக்கூடாதுங்கறதுதானே இதுல முக்கியம்?"

"மார்க் இல்லாம பேரன்ட்ஸுக்கு என்னத்த காட்றது?"

எல்லா வகுப்புக்கும் இந்த முறை வந்தது, மார்க்கோடு. பிள்ளைகள் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் அம்மாக்கள் போன் செய்து அரை மார்க்குக்குச் சண்டை போட்டார்கள். ரூபினிக்குத் தலை வெடித்தது.

பயிற்சி கொடுத்த நிருபமா வகுப்பைப் பார்க்க வந்தார். லாயிட்டும் கூடவே வந்து பின்னால் உட்கார்ந்தார். ரூபினி கேட்ட கேள்விக்கெல்லாம் எல்லாக் கையும் உயர்ந்தது. ரூபினிக்குச் சந்தேகம் தட்டியது. வேறொரு கேள்வி போட்டாள். ஒரு கையும் உயரவில்லை. முன்வரிசையில் இருந்த சிந்து லாயிட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், இத நேத்து நீங்க சொல்லித் தரலியே?"

லாயிட் இருமினார். ஸ்டாஃப் ரூமுக்குப் போனதும் ரூபினி வெடித்தாள்.

"மேடம், தப்பா எழுதட்டும்னு சொன்னீங்க. இங்க தப்பே வரக்கூடாதுங்கறாங்க. நான் யார் சொல்றத கேக்கறது?"

நிருபமா லாயிட்டிடம் நெடுநேரம் பேசினார். கடைசியில் ரூபினியின் வகுப்புக்கு மட்டும் மார்க் வேண்டாம் என்றானது. மற்ற வகுப்புகளில் அப்படியே தொடரும். "இது என்ன நியாயம்?" என்று கேட்டுவிட்டு ரூபினி வகுப்புக்குப் போனாள்.

மார்க் போனாலும் பயம் போகவில்லை. வாரக்கணக்கில் பிள்ளைகள் தாளைக் கையால் மறைத்தே எழுதினார்கள். "நான் பாத்து என்னடா பண்ணப்போறேன்?" என்று சலித்துப்போனாள் ரூபினி.

ஒருநாள் சிந்து தானாகவே எழுந்து, அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்றாள்.

"எப்படிடி?" என்றான் ஹரிஷ்குமார். "பாதி தோசையோட இன்னும் கொஞ்சம் சேத்தா, பாதிய விட கம்மியா ஆகுமா?"

வகுப்பே இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. ஆளாளுக்குத் தோசை வரைந்தார்கள். சிந்து தன் விடையைத் தானே அடித்துவிட்டு மறுபடி போட்டாள்.

லாயிட் கதவருகே வந்து நின்றார். "ஏன் மிஸ் இவ்ளோ சத்தம்?"

"கணக்கு நடக்குது சார்" என்று சொல்லி, ரூபினி கதவைச் சாத்தினாள்.