மேல் கழி, கீழ்க் கழி

விரலை எச்சிலில் நனைத்துக் காற்றில் நீட்டிப் பார்க்கிறாள் இட்சுயோ. எரிமலைச் சாம்பல் இன்று எந்தப் பக்கம் விழும் என்று தொலைக்காட்சிக்காரன் சொல்வதை அவள் நம்புவதில்லை. "அவனுக்கென்ன, மறுபடி துவைக்கிறது நான்தானே" என்பாள். அறுபத்திரண்டு வயதாகிறது. எரிமலை ஊரான ககோஷிமாவில் துணி காயப்போட அவளுக்கு எவன் பாடம் எடுப்பது!

கொல்லையில் இரண்டு கழிகள். மேல் கழி கணவர் கென்சாகுவுக்கு. கீழ்க் கழி இவளுக்கு. பெண் துணி ஆண் துணிக்கு மேலே ஏறக்கூடாது, ஒரே தண்ணீரில் ஊறவும் கூடாது. குளியல் தொட்டியில் அவர் முதலில், இவள் கடைசியில். சாப்பாடு அடுப்பங்கரையில் நின்றபடியே. "உக்காந்தா உடனே 'ஏய், டீ'ன்னு குரல் வரும். எந்திரிக்கிற வேலை மிச்சம்" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்புக்கு மசியாதவள் ஒயூன் ஒருத்திதான். மங்கோலியாவிலிருந்து படிக்க வந்தவள்; இவர்கள் வீட்டில் ஓராண்டு தங்குவதாக ஏற்பாடு. வந்த மறுநாளே தன் சோற்றுக் கிண்ணத்தோடு அடுப்பங்கரைத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, நீங்க உக்காந்தாத்தான் நான் சாப்பிடுவேன்." கல்யாணமான முப்பத்தெட்டு வருஷத்தில் இட்சுயோவை உட்காரச் சொன்ன முதல் ஆள். மிசோ என்ற சோயா சாற்றைச் சூடு ஆறாமல் அவள் குடித்தது, ஒயூன் வந்த முதல் இரண்டு மாதம்தான். இந்தப் பெண் போகாமலே இருந்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தாள்.

ஒரு ஞாயிறு, ஒயூன் எல்லாத் துணியையும் ஒன்றாகத் துவைத்து, தன் பாவாடையை மேல் கழியில் போட்டுவிட்டாள். கென்சாகு மனைவியைக் கூப்பிட்டார்.

"எடுக்கச் சொல்லு."

"நீங்களே சொல்லுங்களேன்."

"நான் சொன்னா அந்தப் பொண்ணு என்னைக் காட்டுமிராண்டின்னு நினைக்கும். நீயா சொல்ற மாதிரி சொல்லு."

சொன்னாள். "உன் துணி கீழயே இருக்கட்டும்மா. தனியா ஊற வை."

"அப்பா சொன்னாரா?"

"அவரு பாவம், இதெல்லாம் கண்டுக்கவே மாட்டாரு. எனக்குத்தான் ஆகாது."

"என் துணி என்ன அசிங்கமா, அம்மா?"

பாவி மகள் இட்சுயோ, அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டு, பாவாடையைக் கீழே இறக்கினாள்.

அன்றிரவே ஒயூனின் கிண்ணம் கூடத்து மேசைக்குப் போய்விட்டது. கென்சாகு அவளுக்கு மீனை முள் எடுத்துக் கொடுத்தார். ஊர்க்கதை சொல்லிச் சிரிக்க வைத்தார். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று இட்சுயோ கேட்டுக்கொண்டிருந்தாள். அரையாண்டுப் படிப்பு முடிந்ததும் அந்தப் பெண் விடுதிக்கு மாறிப் போனாள்.

போன வாரம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. மூக்குக்கண்ணாடியைத் தேடச் சோம்பல்பட்ட கென்சாகு, "நீ படி" என்றார். இட்சுயோ படித்தாள். 'அன்புள்ள அப்பாவுக்கு' என்று தொடங்கி, மீன் பிடிக்க அழைத்துப் போனதற்கு நன்றி, இருமலுக்கு மருந்து சாப்பிடுங்கள் என்று நாலே வரி.

"அவ்வளவுதானா?"

இட்சுயோ தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ஒரு வரி இருக்கு" என்று, எழுத்தே இல்லாத அடிப்பாகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் படித்தாள்: "அம்மாவையும் கேட்டதாச் சொல்லுங்க."