ஒட்டுப் போட்ட வழிப்படம்

என் எழுத்தைப் படிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பேனாவைக் கோடு போடத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன், எழுத அல்ல. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பதில் இன்றைக்கும் சந்தேகம்தான். பிழைகளைத் தாண்டிக்கொண்டு படியுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. மிஷின் கொட்டுகிற மூடிகளைப் பெட்டியில் நிரப்பி, டேப் ஒட்டி, மார்க்கரால் நம்பர் போட்டு அடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். பெரியபாளையத்தில் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறினால் ஆரணி, புதுவாயல் வழியாக நெடுஞ்சாலையைப் பிடித்து, எளாவூர்ப் பக்கம் போகிற லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கேட்டுக்குப் போய்ச் சேரும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நேரம் மட்டும்தான் நாங்கள் உட்கார்ந்திருக்கிற நேரம்.

பத்திரிகையில் குழந்தைகளுக்காக 'முயலுக்கு வழி காட்டுங்கள்' என்று போடுவார்களே, அந்த மாதிரிப் படங்களை நான் வரைவேன். வழிப்படம் என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். ஒருமுறை போண்டா மடித்துக் கொடுத்த காகிதத்தில் அப்படி ஒரு படம் பாதியாகக் கிழிந்து வந்தது. மீதியை நானே போட்டு முடித்தேன். அன்றிலிருந்து விடவில்லை. பெட்டிக்குள் அடுக்குக்கு அடுக்கு ஒரு அட்டை வைப்போம். மூலை மடங்கிய அட்டைகளைக் குப்பையில் போடுவார்கள். அவற்றைக் கேட்டு வாங்கி வந்துவிடுவேன்.

முதலில் பென்சிலால் சரியான வழியைப் போட வேண்டும். அதை முடித்த பிறகுதான் பொய் வழிகள். பொய் வழி நீளமாக இருக்கவேண்டும், நம்பிப் போகிறவருக்கு இதோ வந்துவிட்டது என்று தோன்றவேண்டும், பிறகுதான் முட்டவேண்டும். கடைசியில் பேனாவால் சுவர்களை அழுத்தி எழுதி, பென்சிலை அழிப்பேன். எல்லாம் முடிந்ததும் ஒரு ஈர்க்குச்சியை எடுத்துக்கொண்டு வெளி வாசலிலிருந்து உள் வாசலுக்குப் பின்னோக்கி ஒரு தடவை நடத்திப் பார்ப்பேன். ஒரே வழிதான் இருக்கவேண்டும். இரண்டு இருந்தால் படம் மட்டம். ஒன்றும் இல்லாவிட்டால் அது படமே இல்லை.

படம் வராத வாரங்களில் கேள்வி ஒன்றை எழுதிக் கொண்டுபோவேன். ஒரு தடவை இப்படி எழுதினேன். மூன்று பேர் ஒரே சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் டப்பாவில் இட்லி, ஒருவர் டப்பாவில் எலுமிச்சை சாதம், ஒருவர் டப்பாவில் பழைய சோறு. இட்லிக்காரருக்கு ஜன்னல் கிடைக்கவில்லை. எலுமிச்சை சாதக்காரர் இறங்கும்போது யாரையும் எழுந்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை. ஜன்னலோரம் யார்?

"அது கெடக்கட்டும். காலைல அஞ்சு மணிக்கு எந்த ஊட்ல இட்லி அவிச்சிக் குடுக்குறாங்க? அத்த மொதல்ல சொல்லு" என்றார் மோல்டிங்கில் வேலை செய்கிற என் தெருக்காரர். பஸ் முழுக்கச் சிரித்தது. புதுவாயல் வரும்வரை இட்லி எந்த வீட்டில் என்றுதான் பேச்சு ஓடியது.

நான் யாரிடமும் நீட்டிக் கொடுத்ததில்லை. கூச்சம். அட்டையை முன்சீட்டுக் கம்பியில் செருகி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். யாராவது எடுப்பார்கள். பஸ்ஸில் அதற்கென்று ஒரு முறையும் உண்டாகிவிட்டது. ஒருவர் அட்டையை மடியில் வைத்துவிட்டால் அவர் விரலைத் தவிர இன்னொரு விரல் அதில் படக்கூடாது. பட்டால் அவர் தோற்ற மாதிரி. போட்ட நானே தொட்டாலும் அப்படித்தான்.

என் பக்கத்து சீட்டில் ஒடிசாக்காரர் ஒருவர் இரண்டு வருஷமாக உட்கார்ந்து வந்தார். லோடிங் வேலை. காண்டிராக்டர் பெரியபாளையத்தில் எடுத்திருந்த அறையில் மற்ற ஆட்களோடு தங்கியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அவர் 'பையா', இந்தியில் அண்ணன். அவருக்கு நான் அண்ணா, வயதில் அவர்தான் மூத்தவராக இருந்தாலும். தமிழ் படிக்கத் தெரியாது. என் கேள்விகள் அவருக்கு ஆகாது. வழிப்படத்துக்குப் படிப்பு எதற்கு? கட்டைவிரல் நகத்தால் மெதுவாக நடந்து போவார். முட்டினால் முகம் சுளிக்கமாட்டார். நகத்தைத் தூக்காமல் வந்த வழியே திரும்பி வருவார். நான் வைத்த பொய் வழியில் அந்த நகம் திரும்பும்போது நான் வெளிப்பக்கம் திரும்பிச் சிரித்துக்கொள்வேன். நான் அவ்வளவு கோடு போட்டதற்கெல்லாம் கூலி அதுதான் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன் என்றார். போவதற்குப் பத்து நாள் இருக்கும்போது, "அண்ணா, பெருசா ஒண்ணு குடு. லாஸ்ட். முடிச்சு ஊர்ல காட்டும்" என்றார். சின்னப் படம் எதையும் அவர் வீட்டுக்கு எடுத்துப்போனதில்லை. இதைக் கேட்டு வாங்கினார்.

இரண்டு அட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெட்டிக்கு ஒட்டுகிற டேப்பால் சேர்த்து ஒட்டினேன். அவ்வளவு பெரியது நான் அதுவரை போட்டதில்லை. பென்சில் வேலை முடிந்தபோது எனக்கே திருப்தியாக இருந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து நிதானமாக மை போட்டு, குச்சியால் நடத்திப் பார்க்கலாம் என்று வைத்திருந்தேன். அந்த ஞாயிறு கம்பெனியில் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது கால் இரண்டும் பானை மாதிரி வீங்கியிருந்தன. கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு மை போட்டேன். டேப் மேல் பேனா பிடிக்கவில்லை, வழுக்கியது. அதனால் ஒட்டின் ஓரமாக வருகிற சுவரை மட்டும் பெட்டிக்கு நம்பர் போடுகிற தடித்த மார்க்கரால் மேலிருந்து கீழே இழுத்தேன். குச்சி எடுக்க எழுந்திருக்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. இத்தனை வருஷம் போட்டவனுக்கு இதில் என்ன தப்பு வரப்போகிறது என்று படுத்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவர் மடியில் விரித்தார். இரண்டு பேர் மடியில் விரிகிற அளவு. பாதி என் தொடைமேல் இருந்தது.

புதன்கிழமை லாரி வரிசையில் பஸ் நின்றபோது அவர் நகம் ஒட்டின் பக்கம் மூன்றாவது தடவையாக வந்து திரும்பியது. அங்கே அது திரும்பியிருக்கக்கூடாது. தாண்டிப் போயிருக்க வேண்டும். நான் குனிந்து பார்த்தேன். ஒட்டின் நடுவில் ஒரு விரல் அகலத்துக்கு வாசல் விட்டிருந்தேன். மார்க்கர் அதன் மேலும் ஓடியிருந்தது. ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போக இருந்த வாசலே அது ஒன்றுதான்.

உடனே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பஸ்ஸில் என்னை 'வழி அண்ணன்' என்பார்கள். சூப்பர்வைசர்கூட ஒருமுறை அப்படிக் கூப்பிட்டார். இத்தனை வருஷ வேலையில் யாரும் என்னை எதற்கும் கருத்துக் கேட்டதில்லை. வழி அண்ணன் படத்தில் தப்பு இருக்காது என்பது ஒன்றுதான் எனக்கென்று இருந்த பேர். அதை என் வாயாலேயே எடுத்துப் போட வேண்டும். வேலை நேரத்தில் மிஷின் முன்னால் நின்று, "பையா, தப்பு என்னோடது" என்று பத்து தடவை சொல்லிப் பார்த்தேன். பஸ் ஏறியதும் நாக்கு உள்ளே போய்விட்டது.

அதற்குள் கேலி ஆரம்பமாகிவிட்டது. "இன்னா பையா, இன்னும் உள்ளாறயே சுத்திக்கினு கீறியா?" என்றார் என் தெருக்காரர். "பாவம்பா, நாஷ்டாவாவது உள்ள அனுப்புங்க."

"பொண்ணு கல்யாணத்துக்காவது வெளிய வந்துருவியா பையா?" என்றார் பின்சீட்டில் இன்னொருவர்.

முதல் நாள் பையாவும் சிரித்தார். வியாழக்கிழமை சிரிக்கவில்லை. அட்டையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், "தல வேல செய்யல அண்ணா. வயசு" என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "ஒரு வார்த்த சொல்றதுக்கு உனுக்கு இன்னாயா பேஜாரு?" என்றாள். "அந்தாளு பொண்ணு கல்யாணத்துக்குப் போறாரு. நான் முட்டாளுன்னு மண்டைல வெச்சிக்கினு போவணுமா? நாளைக்குச் சொல்லிட்டு ஊட்டுக்கு வா."

வெள்ளிக்கிழமை அவருக்குக் கடைசிப் பயணம். பகலில் கணக்கு முடித்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் போவதாக இருந்தார். பையைக் காலடியில் வைத்திருந்தார். புதுவாயல் திருப்பத்தில் என் தெருக்காரர், "வுடு பையா. உனுக்கு சின்னப் பசங்க படந்தான் கரெக்டு" என்றார்.

பையா தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்தது.

"அதுல வழி இல்லபா" என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது. "நான்தான் தப்பா போட்டுட்டேன். மார்க்கர்ல அடிச்சி மூடிட்டேன்."

பஸ்ஸில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு என் தெருக்காரர் சொன்னார்: "பாத்தியாடா, பையா மூஞ்சி வாடிப்போச்சின்னு அண்ணன் பொய் சொல்றாரு. இந்த மனசு யாருக்குடா வரும்?"

"அதான. அண்ணனாவது தப்பு போட்றதாவது" என்றார் பின்சீட்டுக்காரர்.

"இல்லபா, நெஜமா" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். கேலியாக இல்லை, அன்பாகத்தான். அதுதான் தாங்கவில்லை.

பையாவைப் பார்த்தேன். அவரும் தலையை ஆட்டினார். "அண்ணா தப்பு போடாது" என்றார்.

காட்டிவிடலாம் என்று விரலை ஒட்டின் பக்கம் கொண்டுபோனேன். அவர் சட்டென்று இரண்டு கையாலும் அட்டையை மூடினார். "தொடாத அண்ணா. வழி காட்டாத. நான் முடிக்கும்." என் விரல் பட்டால் அத்தனை பேர் முன்னால் அவர் தோற்றவர். தப்பைக் காட்டுகிற விரலும் வழியைக் காட்டுகிற விரலும் ஒன்றுதானே. கையை எடுத்துக்கொண்டேன்.

கேட் வந்துவிட்டது. அவர் அட்டையை ஒட்டோடு மடித்துப் பைக்குள் வைத்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்து இரண்டு தடவை குலுக்கினார். பகலில் அவர் கிளம்பியபோது என்னால் மிஷினை விட்டு வரமுடியவில்லை.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்துப் போன் செய்தேன். யாருக்கும் நானாகப் போன் செய்கிற ஆள் இல்லை. அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம். "கல்யாணம் நல்லா அண்ணா. ரொம்ப நல்லா" என்றார். மருமகனைப் பற்றிச் சொன்னார். பிறகு தானாகவே, "வழி இன்னும் இல்ல. மழை வரட்டும், வேலை இருக்காது, உக்காந்து முடிக்கும்" என்றார்.

"வழி இல்ல பையா. நான் மூடிட்டேன்."

சிரித்தார். "அண்ணா நல்ல மனுஷன்" என்றார். சிக்னல் போய்விட்டது.

அவர் திரும்பி வரவில்லை. அந்த சீட்டில் இப்போது வேறு ஒருவர் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டு வருகிறார். வழி எங்கே அண்ணா என்று கேட்கிறவர்களுக்குக் கண் வலிக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அட்டைகளை இப்போது கேட்டு வாங்குவதில்லை. பென்சில் எடுத்தால் அந்த நகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிறது, ஒட்டுப் பக்கம் வந்து திரும்பித் திரும்பி.

போன வாரம் ஒரு காரியம் செய்தேன். கையகல அட்டையில் அந்த ஒட்டுப் பக்கத்தை மட்டும் வாசல் திறந்த மாதிரி வரைந்தேன். குச்சியால் நடத்திப் பார்த்தேன், இரண்டு தடவை. அவருடைய அறையில் இருந்த இன்னொரு ஒடிசாக்காரர் எங்கள் லோடிங்கிலேயே இருக்கிறார். விலாசம் கேட்டேன். தருகிறேன் என்றார். படத்தை மட்டும் அனுப்பினால் விடையை அனுப்பிவிட்டேன் என்றுதான் பையா நினைப்பார். அதனால் கூடவே அவர் மொழியில் ஒரு வரி வேண்டும் என்றேன். "தமிழ்ல எழுதிக்கினு வா அண்ணா, படிச்சி சொல்லு, நான் எழுதும்" என்றார். அவருக்குத் தமிழ் பையாவைவிட நன்றாக வரும்.

அந்த ஒரு வரிக்காக உட்கார்ந்தவன்தான் இத்தனை எழுதிவிட்டேன். இதெல்லாம் அவருக்கு வேண்டாம். நாளைக் காலை பஸ்ஸில் வாசித்துக் காட்ட வேண்டியதைத் தனியாக எழுதி வைத்துக்கொள்கிறேன்:

'பையா, ஒட்டின் நடுவில் வாசல் இருந்தது. அதை நான் மூடிவிட்டேன். இதை இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. ஓவர்டைம் முடிந்து வந்து, சரிபார்க்காமல் உங்கள் கையில் கொடுத்தேன். உங்கள் தலைக்கு ஒன்றும் இல்லை.'

ஐப்பசி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.