சாவு வீட்டில் சிரித்த டிவி

கீழ்வேளூர் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர் தெட்சிணாமூர்த்தி. நடவு முடிந்து ஓய்ந்த நாட்களில் தெருவிலுள்ள ஸ்மார்ட் டிவிகளில் இலவச ஆப்களைத் தேடிப்பிடித்து ஏற்றிக் கொடுப்பார். தன் போனிலிருந்தே படத்தை டிவிக்கு அனுப்பியும் காட்டுவார். அதில் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம்தான்.

எதிர்வீட்டு நடராசன் இறந்த அன்று தெட்சிணாமூர்த்தி பந்தலில் உட்கார்ந்திருந்தார். பாடை கட்டத் தாமதமானது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டு போனில் ஒரு காமெடியைத் தட்டினார். சாவு வீட்டில் என்ன காமெடி வேண்டிக்கிடக்கிறது?

போனில் ஒன்றும் ஓடவில்லை. முன்பு படம் காட்டியபோது அந்த வீட்டு வைஃபையிலும் டிவியிலும் சேர்த்த தன் போன் இன்னும் சேர்ந்தே இருப்பதை மறந்திருந்தார். உள்ளே, பிணத்தின் தலைமாட்டில், துக்கத்துக்காகத் துணி போர்த்தியிருந்த டிவி கெக்கெக்கென்று சிரித்தது.

ஒப்பாரி நின்றது. ரிமோட்டைத் தேடி ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். "தெட்சிணாமூர்த்தி அண்ணனக் கூப்பிடுங்க, அவருக்குத்தான் தெரியும்!" என்று ஒருவர் கத்தினார்.

கூனிக்குறுகி உள்ளே போனார். சட்டைப்பையில் போன் கனத்தது. நேராக டிவியின் பிளக்கைப் பிடுங்கினார்.

நடராசன் மனைவி ஈஸ்வரி அழுத முகத்தோடு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நல்லவேளண்ணே, நீங்க இருந்தீங்க."