இடது குதிக்காலில் திருநீறு

சீமெந்துத் தரையில் வெள்ளிக் கொலுசு நடந்தால் "ஜல் ஜல்" என்று கேட்கும் என்பார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் மேல்மாடி வீட்டில் அது அப்படிக் கேட்டதே இல்லை. என் கொலுசில் பாதி மணிகள் ஓடியோடியே கழன்றுபோய்விட்டதால், மிச்சமிருந்தவை சாவிக்கொத்தைக் குலுக்குவதுபோல் கரகரவென்றுதான் சத்தமிட்டன. அந்தச் சத்தம் குசினியிலிருந்து விறாந்தைக்கும், விறாந்தையிலிருந்து படிக்கட்டுக்கும், படிக்கட்டிலிருந்து கீழே ஒழுங்கை வாசலுக்குமாக நாள் முழுக்கப் போய்வந்துகொண்டிருந்தது. "இவள் காலிலை சில்லுப் பூட்டிக்கொண்டு பிறந்தவள்" என்றுதான் வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா என்னை அறிமுகம் செய்வார். அதில் பொய்யில்லை. இந்த ஒரு பந்தியை எழுதுவதற்குள் இரண்டு தரம் எழுந்து யன்னலடிக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன், எனக்கு வயது நாற்பதைக் கடந்துவிட்டது.

கொலுசை வாங்கித் தந்தவர் சின்னம்மா. அம்மாவின் தங்கை, கலியாணம் செய்யாமல் எங்களோடேயே இருந்தவர், புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் தட்டெழுத்து வேலை பார்த்தவர். "சத்தம் கேட்டால் பிள்ளை எங்கை நிக்கிறாளெண்டு தெரியுமக்கா" என்று அம்மாவிடம் காரணம் சொன்னார். அவர் அமைதியான மனிதர், சுத்தக்காரி. வீட்டுக்குள் ஒரு சோடி செருப்பு, வெளியே போக ஒரு சோடி, குளியலறைக்கு இன்னொரு சோடி. "உன்ர உள்ளங்காலை நாங்கள் கண்டதேயில்லை" என்று அம்மா அவரைக் கேலி செய்வார். இந்தக் கேலியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

எனக்குப் பத்து வயதாயிருந்த ஆண்டின் ஆடிவேல் திருவிழாவன்று, தேர் பார்க்க என்று சொல்லிச் சின்னம்மா என்னைச் செட்டியார் தெருவுக்குக் கூட்டிப் போனார். போனதும் செய்த முதல் வேலை, செருப்பைக் கழற்றிக் கடதாசியில் சுற்றி என் தோள்பையில் போட்டதுதான். தேருக்குப் பின்னால் பம்பலப்பிட்டி வரைக்கும் வெறுங்காலோடு நடப்பதாக நேர்த்தி வைத்திருந்தார். காலி வீதித் தார் வெயிலில் இளகிக் கிடந்தது. செருப்பில்லாமல் குளியலறைக்கும் போகாத அந்தக் கால்கள், சுடுசட்டியில் வைத்து எடுப்பதுபோல மாறி மாறி எட்டுவைத்தன. நானோ முன்னே ஓடித் தேரைத் தொட்டுவிட்டு, பின்னே ஓடிச் சின்னம்மாவைத் தொட்டுவிட்டு, அந்த வழியை இரண்டு தரம் நடந்திருப்பேன். கொள்ளுப்பிட்டியில் ஒரு தண்ணீர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் பிரித்துப் போட்டிருந்த பலகையொன்றில் அவர் கால்வைத்தார். இடது குதிக்கால். தூக்கினபோது பலகையும் சேர்ந்து வந்தது.

வீதியோர நடைபாதைக் கட்டின்மேல் உட்கார்ந்து ஆணியை அவரே பிடுங்கினார். இரத்தம் அதிகமில்லை, ஒரு சொட்டோ இரண்டு சொட்டோதான். சேலைத் தலைப்பில் முடிந்துவைத்திருந்த கோயில் திருநீற்றை அவிழ்த்து என்னிடம் நீட்டி, "இதை வை பிள்ளை, நல்லா அழுத்தி வை" என்றார். வைத்தேன். சின்னிவிரலால் ஓட்டைக்குள் திருநீற்றை அடைத்து, மேலே கொஞ்சம் தூவி, வேலை திறமாய் முடிந்தது என்ற பெருமையோடு ஊதியும் விட்டேன். பிறகு அவர் என் காதருகே குனிந்து சொன்னார்: "வீட்டிலை ஒருத்தருக்கும் சொல்லாதை. நேர்த்தியை வாய்விட்டுச் சொன்னால் அது பலிக்காது." என்ன நேர்த்தி என்று கேட்டேன். "அதையும் கேக்கக் கூடாது." எழுந்து, நொண்டாமல், மிச்ச வழியையும் நடந்தார்.

எட்டோ ஒன்பதோ நாள் கழித்து ஒரு காலையில் அவரால் இடியப்பத்தைக் கடிக்க முடியவில்லை. ஞானப்பல் முளைக்கிறது என்றார் அம்மா. பல் வைத்தியர் பார்த்துவிட்டுப் பல்லில் ஒன்றுமில்லை என்றார். பின்னேரம் கழுத்து இறுகியது. குனிந்து குனிந்து தட்டெழுதுவதால் வந்த பிடிப்பு என்று தைலம் பூசினார்கள். மறுநாள் அப்பா ஏதோ கேட்க, கட்டிலில் படுத்திருந்த சின்னம்மா பல்லெல்லாம் தெரிய, புருவத்தை உயர்த்திக்கொண்டு அவரைப் பார்த்தார். "நான் கேக்கிறன், நீர் கிடந்து சிரிக்கிறீர்" என்று அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை, முகம் தானாக இழுபட்டு அப்படி நின்றுவிட்டது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே ஒழுங்கை முனையில் துறைமுக லொறியொன்று கோர்ன் அடித்தது. சின்னம்மாவின் முதுகு வில்போல வளைந்து, தலையும் குதிக்காலும் மட்டும் கட்டிலில் பட, உடம்பு அப்படியே விறைத்து நின்றது. அந்தக் கண்களை நான் மறக்கவில்லை. அவருக்கு நினைவு முழுக்க இருந்தது.

ஆஸ்பத்திரியில் அதற்கு "ரெட்டனஸ்" என்று பெயர் சொன்னார்கள். அம்மா "ஐயோ, ஏற்புவலி" என்று தலையில் கைவைத்துக்கொண்டு வாங்கில் உட்கார்ந்துவிட்டார். பாடசாலை விடுமுறை, என்னை வீட்டில் பார்க்க ஆளில்லை, ஆகவே வாட்டுக்கு வெளியே அந்த வாங்கில் நானும் இருந்தேன். சின்னம்மாவைத் தனி அறையில் போட்டிருந்தார்கள். யன்னலுக்குக் கறுத்த துணி, கதவின் கொண்டிக்குப் பஞ்சு. ஒரு கரண்டி விழுந்தால் போதும், ஒரு வெளிச்சம் முகத்தில் பட்டால் போதும், உடம்பு மறுபடியும் வளைந்துவிடும், வளைகிற நேரத்தில் மூச்சு நின்றுபோகலாம். தாதிமார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். நான் வாங்கில் இருந்து காலாட்டுவேன், கொலுசு குலுங்கும், அம்மா என் முழங்காலை அமத்திப் பிடிப்பார். பிடியை விட்டதும் கால் தானாக ஆடத் தொடங்கும்.

முதல் இரண்டு நாட்களும் ஒரு லேடி டொக்டர் வந்து கேட்டது ஒரே கேள்விதான். யாழ்ப்பாணப் பக்கத்துப் பெண், மெலிந்த உடம்பு, சரியான வேக நடை. "எங்கையாவது காயம்பட்டதோ? ஆணி, முள், தகரம், ஏதாவது? எதிர்ப்பு மருந்து போட்டாச்சு. ஆனால் காயத்துக்குள்ளை இருந்து விஷம் ஊறிக்கொண்டேயிருக்கும், அந்த இடத்தைத் திறந்து துப்புரவாக்க வேணும்." அம்மா உறுதியாகச் சொன்னார்: "இல்லை டொக்டர். அவள் செருப்பில்லாமல் வாசலுக்கும் போகமாட்டாள்." காலைப் பார்க்காமலில்லை, பார்த்தார்கள். தேர் நடையில் வெடித்துப்போன குதிக்காலில், பத்து வெடிப்புகளுக்கு நடுவில், சாம்பல் அடைத்து மூடிப்போன ஒரு புள்ளி யாருக்கும் காயமாகத் தெரியவில்லை. சொல்லக்கூடிய வாய் அறைக்குள் பூட்டிக் கிடந்தது. மற்ற வாய் என்னுடையது.

சொன்னால் நேர்த்தி கெட்டுவிடும். என்ன நேர்த்தி என்றும் தெரியாது. அப்பாவின் வேலைக்காகவா, அவருடைய கலியாணத்துக்காகவா, யாருடைய உயிருக்காகவோவா? கெட்டால் எது இடியும்? சொல்லாவிட்டால் விஷம் ஊறும். இதற்குமேல் ஒரு பயம் இருந்தது, அதை இன்றுதான் மறைக்காமல் எழுதுகிறேன்: அந்தத் திருநீற்றை உள்ளே அடைத்தது என் விரல். அந்த விரலை இரண்டு நாட்களாகச் சட்டைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். தாழ்வாரத்தின் ஓடுகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எண்ணி, திரும்பி வரும்போது தவறவிட்டு, மறுபடி எண்ணினேன்.

மூன்றாம் நாள் காலை நான் அப்படி எண்ணிக்கொண்டு கதவைக் கடந்தபோது உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. பல் நறுநறுவென்று கேட்டது. தாதி ஒருவர் ஓடிவந்து, திட்டாமல், "சத்த கரன்ன எப்பா, துவே", சத்தம் போடாதே மகளே என்று சிங்களத்தில் மெல்லச் சொல்லி, என் முன்னால் குந்தியிருந்து இரண்டு கொலுசையும் கழற்றி, காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியில் சுற்றி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அந்த அழுகையில் நான் எழுந்து போனது அவருக்குக் கேட்கவில்லை, கேட்பதற்கு என் காலில் ஒன்றும் இருக்கவில்லை. அந்த வேக நடை டொக்டர் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் இரண்டு இரண்டு படியாகப் பாய்ந்து அவருடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தேன்.

"இடது குதிக்கால். ஆணி. நான்தான் திருநீறு அடைச்சனான்."

அவர் திட்டவில்லை, நெற்றியைக்கூடச் சுருக்கவில்லை. "எவ்வளவு ஆழம் பிள்ளை?" என்றுதான் கேட்டார். ஒளித்து வைத்திருந்த சின்னிவிரலை நீட்டி, முதல் கணு மட்டும் காட்டினேன். என்னைத் தாண்டி அவரும் இரண்டு இரண்டு படியாக மேலே ஓடினார். அவ்வளவு பெரிய ஆள் ஒருவர் என்னைப்போல ஓடுவதை அன்றைக்குத்தான் கண்டேன்.

குதிக்காலைத் திறந்து, கரைந்த சாம்பலும் ஒரு மரச் சிராயும் எடுத்தார்கள். அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. ஏற்கெனவே நரம்பில் ஏறிய விஷம் தானாக இறங்கும்வரை உடம்பைத் தாக்குப்பிடிக்க வைப்பதுதான் வைத்தியம் என்றார்கள். தொண்டையில் துளையிட்டு அதன் வழியாக மூச்சுவிட வைத்தார்கள். தசை இளகுவதற்கு மக்னீசியம் சொட்டுச் சொட்டாக ஏறியது. அளவு மீறிவிடாமல் பார்க்க, சின்ன றப்பர்ச் சுத்தியலால் முழங்காலில் தட்டிக் கால் துள்ளுகிறதா என்று மணிக்கு மணி பார்த்தார்கள். கதவிடுக்கால் அதைப் பார்த்த நான், வாங்கில் இருந்து என் முழங்காலை என் கையால் தட்டிக்கொள்வேன். என் கால் துள்ளினால் அவருடையதும் துள்ளும் என்று எனக்குள் ஒரு கணக்கு. விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கி ஒரு மாதத்துக்குப் பிறகுதான் அவர் வீட்டுக்கு வந்தார்.

வருவதற்கு முதல் ஏற்பூசி என்னும் தடுப்பூசி போட்டார்கள். ஒரு தரம் வந்தால் மறுபடி வராது என்பது இந்த நோயில் இல்லையாம். "வந்து போனதுக்கும் ஊசியோ?" என்று தொண்டைத் துளையை விரலால் மூடிக்கொண்டு சின்னம்மா கேட்டது, அவர் குரலை நாங்கள் மறுபடி கேட்ட முதல் நாள். அம்மா தனியாக டொக்டரிடம் கேட்டார், ஆணியாலா, திருநீற்றாலா என்று. "ஆணியிலையும் இருந்திருக்கலாம், சாணிச் சாம்பலிலையும் இருந்திருக்கலாம். ஆருக்குத் தெரியும்?" என்றாராம். அந்த "ஆருக்குத் தெரியும்" என்னோடேயே வளர்ந்தது. வீட்டில் கதவுகளுக்குத் துணி கட்டினோம், அப்பா வானொலியை மூடி வைத்தார், கொலுசு அலுமாரிக்குள் போனது. நான் குதிக்கால் படாமல் விரல் நுனியில் நடக்கப் பழகினேன். ஓடாமல் இருக்கத்தான் என்னால் முடியவில்லை, ஆகவே சத்தமில்லாமல் ஓடப் பழகினேன்.

போன மாதம் என் மகன் ஒரு பழைய பலகையில் ஆணியை மிதித்துவிட்டான். வைத்திய நிலையத்தில் கழுவி, ஊசி போட்டு, பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். அந்த நோயைக் கண்டிருக்கிறீர்களா என்று இளம் டொக்டரிடம் கேட்டேன். "இல்லை அன்ரி, புத்தகத்திலைதான்" என்றார். கறுத்த துணி போட்ட அந்த அறை இப்போது எங்கும் இல்லைபோலும். நல்ல விஷயந்தான், ஆனாலும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நேரே வெள்ளவத்தைக்கு, சின்னம்மாவின் தொடர்மாடி வீட்டுக்குப் போனேன். இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன்.

"என்ன நேர்த்தி சின்னம்மா அது?"

தொண்டைக் குழியில் இருக்கும் பொட்டளவு தழும்பைத் தடவிக்கொண்டே அவர் சிரித்தார். இது உண்மையான சிரிப்பு. "உன்ர கால் ஒரு இடத்திலை நிக்கவேணுமெண்டுதான். நீ படிக்கட்டிலை ஓடிப்போய்ச் சொல்லிப்போட்டாய், பிறகெங்கை பலிக்கிறது?"

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே விளங்கவில்லை. கொலுசு எங்கே என்று கேட்டேன். வீடு மாறினபோது அந்த வெள்ளைத் துணிப் பொட்டலமும் எங்கோ போய்விட்டதாம். புறப்படும்போது அவர் கதவடியில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்டு சொல்லுறன், கோவியாதை. நீ வாறது எனக்கு ஒருநாளும் கேக்கிறேல்லை. திரும்பிப் பாத்தால் பக்கத்திலை நிக்கிறாய். நெஞ்சு திக்கெண்டுது பிள்ளை."

அவர் திடுக்கிடக் கூடாதென்றுதான் அப்படி நடக்கப் பழகினேன் என்று நான் சொல்லவில்லை. அன்று மூன்று மாடிப் படிகளையும், கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்க்கும்படி, காலை ஓங்கி ஓங்கி வைத்து இறங்கினேன். மேலே யன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. "ஓம், இப்ப கேக்குது" என்றார் சின்னம்மா.